பெயர் எழுத இடம் போதாத தேவாலயம்

மும்பை மாநகரின் தென்முனையில் கொலாபா என்னும் பகுதி உள்ளது. முன்பு தனித் தீவாகக் கிடந்த நிலம் அது; 1838ஆம் ஆண்டில் கடலை அடைத்துச் சாலை போட்ட பிறகுதான் நகரோடு ஒட்டிக்கொண்டது. அங்கே கடற்படைக் குடியிருப்புகளுக்கு நடுவே, வானை நோக்கிக் கூர்ந்து நிற்கும் கோபுரத்துடன் ஒரு தேவாலயம் இருக்கிறது. நற்செய்தியாளரான புனித யோவானின் பெயரால் நேர்ந்தளிக்கப்பட்ட ஆலயம் அது. ஆனால், அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் மும்பைக்காரர் பலருக்கு விளங்காது. 'ஆப்கான் சர்ச்' என்று கேட்டால்தான் கைகாட்டுவார்கள்.

ஆப்கானியர் எவரும் கட்டிய ஆலயமன்று அது. அவர்கள் வழிபட்ட ஆலயமும் அன்று. ஆப்கானிஸ்தானில் மாண்டுபோன ஆங்கிலப் படையினரின் நினைவாக ஆங்கிலேயர் எழுப்பியது. யாருக்காகக் கட்டினார்களோ அவர்களின் பெயர் மறைந்து, யாரோடு போரிட்டார்களோ அவர்களின் பெயர் நிலைத்துவிட்டது. வரலாறு சில வேளைகளில் இப்படி நகைச்சுவை உணர்வோடு நடந்துகொள்கிறது!

அந்தப் போரைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். 1838ஆம் ஆண்டில், உருசியர் ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்குள் இறங்கிவிடுவார்களோ என்ற அச்சம் கிழக்கிந்தியக் கம்பெனியைப் பிடித்து ஆட்டியது. காபூலை ஆண்டுகொண்டிருந்த தோஸ்து முகமதுவை அகற்றிவிட்டு, நாடிழந்து பஞ்சாபில் அடைக்கலம் புகுந்திருந்த ஷா ஷுஜாவை அரியணையில் அமர்த்துவது என்று முடிவு செய்தார்கள். வங்காளப் படையும் பம்பாய்ப் படையும் புறப்பட்டன. பம்பாய்ப் படை கடல் வழியாகச் சிந்து மாநிலத்தில் இறங்கி, அங்கிருந்து மேலேறியது. பின்னாளில் இந்த ஆலயம் பம்பாயில் எழுந்ததற்கு அதுவே காரணம்.

அந்தப் படையெடுப்பின் ஆடம்பரத்தைப் படித்தால் வியப்பாக இருக்கும். பிரிகேடியர் ஒருவரின் சாமான்களைச் சுமக்க மட்டும் 60 ஒட்டகங்கள் தேவைப்பட்டனவாம். ஒரு படைப்பிரிவு, தன் அதிகாரிகள் புகைக்கும் மணிலாச் சுருட்டுகளுக்கென்றே இரண்டு ஒட்டகங்களை ஒதுக்கியதாம். இத்தனை ஒட்டகங்களையும் ஓட்டிச் செல்ல ஆள் வேண்டும். புல் அறுக்க, தண்ணீர் சுமக்க, சமைக்க, துணி வெளுக்க, பல்லக்குத் தூக்க, கூடாரம் அடிக்க ஆள் வேண்டும். அந்த ஆள்களுக்கு மனைவி மக்கள் உண்டு. ஆகவே, போரிடச் சென்றவர்களைக் காட்டிலும் அவர்களுக்குப் பணிவிடை செய்யச் சென்றவர்களே அதிகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1839 சூலையில் கசினிக் கோட்டை வீழ்ந்தது. ஆகஸ்டில் காபூல் கைக்கு வந்தது. இரண்டாண்டுகள் ஆங்கிலேயர் அங்கே குதிரைப் பந்தயமும் மட்டைப்பந்தும் ஆடிக்கொண்டு இன்பமாகக் காலம் கழித்தனர். 1841இல் செலவைக் குறைப்பதற்காக, மலைக் கணவாய்களைக் காத்து வந்த கில்ஜி இனத் தலைவர்களுக்குக் கொடுத்து வந்த உதவித்தொகையைக் குறைத்தார்கள். கணவாய்கள் அடைபட்டன. நவம்பர் 2ஆம் நாள் காபூல் நகரத்தில் அலெக்சாண்டர் பர்ன்ஸ் கொல்லப்பட்டார். டிசம்பர் 23ஆம் நாள், பேச்சுவார்த்தைக்குச் சென்ற தலைமைத் தூதர் மெக்னாட்டனும் கொல்லப்பட்டார். படைத்தலைவர் எல்பின்ஸ்டனோ வயது முதிர்ந்து, கீல்வாதத்தால் நடக்கவும் இயலாதவராய் இருந்தார்.

1842 சனவரி 6ஆம் நாள், உறைபனியில் அந்தக் கூட்டம் காபூலை விட்டு வெளியேறியது. எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஐரோப்பியப் படைவீரர் ஏறத்தாழ 690 பேர். இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 3,800 பேர். பணியாட்களும் அவர்தம் குடும்பத்தாரும் ஏறத்தாழ 12,000 பேர். மொத்தம் 16,500 உயிர்கள். செல்ல வேண்டிய இடமோ 140 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஜலாலாபாத் கோட்டை.

முதல் இரவே கூடாரமின்றிப் பலர் விறைத்து மாண்டனர். சிப்பாய்கள் தங்கள் தொப்பிகளையும் உடுப்புகளையும் கொளுத்திக் குளிர்காய்ந்தனர் என்று உடன் சென்றோர் எழுதி வைத்திருக்கிறார்கள். குர்த் காபூல் என்ற குறுகிய கணவாயில், மலைமேலிருந்து பாய்ந்த குண்டுகளுக்கு ஒரே நாளில் ஏறத்தாழ 3,000 பேர் இரையாயினர். சனவரி 13ஆம் நாள் கந்தமாக் குன்றின்மேல், 44ஆம் படைப்பிரிவின் கடைசிச் சில பத்துப் பேர் சூழப்பட்டு வீழ்ந்தனர். அவர்களுள் சூட்டர் என்ற அதிகாரி மட்டும் தம் படைப்பிரிவின் கொடியை இடுப்பில் சுற்றியிருந்தார். இவ்வளவு பகட்டான துணியை உடுத்தியவர் பெரும் செல்வராகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி அவரைக் கொல்லாமல் சிறைபிடித்தார்களாம்.

அதே நாள் பிற்பகலில், ஜலாலாபாத் கோட்டைச் சுவரில் நின்று பார்த்தவர்களுக்கு, சாகக் கிடக்கும் மட்டக்குதிரையின்மேல் ஒருவர் தள்ளாடி வருவது தெரிந்தது. அவர் வில்லியம் பிரைடன் என்ற மருத்துவர். குளிருக்காகத் தொப்பிக்குள் திணித்து வைத்திருந்த ஓர் ஆங்கில இதழ்தான் வாள்வெட்டிலிருந்து அவர் தலையைக் காத்தது. 16,500 பேரில் உயிர் பிழைத்தவர் அவர் ஒருவரே என்று பல நூல்களில் எழுதியிருப்பார்கள். அது சரியன்று. அவ்வழியே கோட்டையை வந்தடைந்த ஒரே ஐரோப்பியர் அவர் என்பதே சரி. சிப்பாய்களும் பணியாட்களும் சிலர் பின்னர்த் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தனர். சிறைபிடிக்கப்பட்ட ஐரோப்பியர் பலர் அவ்வாண்டு செப்டம்பரில் மீட்கப்பட்டனர். உறைபனியில் கைகால் இழந்து காபூல் தெருக்களில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த சிப்பாய்களும் அப்போது கண்டெடுக்கப்பட்டனர். அடிமைகளாக விற்கப்பட்டோரும் உண்டு. 'ஒருவர் மட்டும் பிழைத்தார்' என்று சொல்லும்போது இவர்கள் எவரும் கணக்கில் வருவதில்லை.

போரின் பயன் என்ன என்று கேட்கிறீர்களா? ஷா ஷுஜா 1842இல் கொல்லப்பட்டார். தோஸ்து முகமது 1843இல் மீண்டும் காபூல் அரியணையில் அமர்ந்தார். எல்லாம் தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றது.

பம்பாயில் இருந்த ஆங்கிலேயர் நினைவாலயம் ஒன்று கட்ட விரும்பிப் பணம் திரட்டத் தொடங்கினர். அரசாங்கம் நிலம் கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: துறைமுகத்திற்கு வரும் கப்பல்களுக்குத் தெரியும்படி ஆலயத்திற்கு உயர்ந்த கோபுரம் இருக்க வேண்டும். துயரத்தின் சின்னமாகவும் இருக்க வேண்டும், மாலுமிகளுக்கு வழிகாட்டவும் வேண்டும்! 1847 டிசம்பர் 4ஆம் நாள் ஆளுநர் சர் ஜார்ஜ் கிளார்க் அடிக்கல் நாட்டினார். இங்கிலாந்திலிருந்து வந்த வரைபடம் செலவு மிகுந்ததாக இருந்ததால் அதை ஒதுக்கிவிட்டு, நகரப் பொறியியலாளர் ஹென்றி கோனிபியர் புதிதாக வரைந்து கொடுத்தார். மும்பைக்குக் குழாய்த் தண்ணீர் தந்த விகார் ஏரித் திட்டமும் இவருடையதே. ஆலயத்தை வரைந்த கை பெரியதா, ஊருக்கே தண்ணீர் கொண்டுவந்த கை பெரியதா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

கட்டுமானம் நெடுங்காலம் இழுத்தது. 1858 சனவரி 7ஆம் நாள்தான் பேராயர் ஹார்டிங் ஆலயத்தை நேர்ந்தளித்தார். அப்போதும் கோபுரம் முடியவில்லை. பார்சி வணிகரும் கொடைவள்ளலுமான கவாஸ்ஜி ஜெஹாங்கீர் போன்றோரும் பொருளுதவி செய்ய, 198 அடி உயரக் கோபுரம் 1865 சூன் மாதத்தில் நிறைவெய்தியது. கிறித்தவர் அல்லாத ஒருவரின் பணமும் சேர்ந்தே அந்தக் கோபுரம் உயர்ந்தது என்பதை அங்கு வருவோர் பலர் அறிவதில்லை.

1858 சனவரி என்ற அந்தக் காலத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். வட இந்தியாவில் சிப்பாய்களின் கிளர்ச்சி இன்னும் அடங்கவில்லை. இலக்னோ நகரம் கிளர்ச்சியாளர் கையில் இருந்தது. காபூலிலிருந்து பின்வாங்கியபோது ஏறக்குறைய முற்றாக அழிந்துபோன படைப்பிரிவுகளுள் வங்காளக் காலாட்படையின் 37ஆம் பிரிவும் 54ஆம் பிரிவும் அடங்கும். பின்னர்ப் புதிய ஆள்களைச் சேர்த்து அவற்றை மீண்டும் அமைத்தார்கள். 1857இல் 54ஆம் பிரிவு டில்லியிலும் 37ஆம் பிரிவு காசியிலும் கிளர்ச்சியாளர்களாயின. பம்பாயில் பேராயர் பலிபீடத்தின் முன் நின்று ஆப்கானிஸ்தானில் இறந்தோருக்காக மன்றாடியபோது, அங்கே பனியில் மடிந்த சிப்பாய்களின் படைப்பிரிவுகள் பகைவர் பட்டியலில் இருந்தன. அத்தகைய நேரத்தில் சிப்பாய்களின் பெயரைச் சுவரில் பொறிக்க யாருக்கு மனம் வந்திருக்கும்?

2017ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் மும்பை சென்றிருந்தபோது இந்த ஆலயத்தைக் கண்டேன். உறவினர் வீட்டுத் திருமணத்திற்காகச் சென்ற பயணம் அது. "அங்கே என்னங்க இருக்கு, கல்லறைதானே?" என்று என் துணைவியார் கடைத்தெருவுக்குப் புறப்பட்டுவிட்டார். நான் மட்டும் சென்றேன்.

வெளியே பழுப்பு நிறக் கருங்கல். உள்ளே வெளிர்நிறப் போர்பந்தர்க் கல்லால் ஆன அகன்ற கூர்வளைவுகள். கிழக்கிலும் மேற்கிலும் வில்லியம் வெயில்ஸ் என்ற கலைஞர் உருவாக்கிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். தரையில் வில்லியம் பட்டர்ஃபீல்டு வடிவமைத்து, இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பூவோடுகள். காலை வெயில் சாளரத்தின் வழியாக அந்த ஓடுகளின்மேல் விழுந்திருந்தது. ஓட்டின் நிறம் எது, ஒளியின் நிறம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சுவரில் சலவைக்கற் பலகைகள். அவற்றில் வரிசை வரிசையாகப் பெயர்கள். பதவி, படைப்பிரிவு எல்லாம் முறையாக உள்ளன. ஆசிரியனுக்கு எங்கே பெயர்ப்பட்டியலைக் கண்டாலும் வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. மெல்லப் படித்துக்கொண்டே போனேன். எல்லாரும் அதிகாரிகள். நினைவு வாசகம் என்ன கூறுகிறது என்பதைத் தமிழில் சொல்கிறேன்: மேலே பெயர் எழுதப்பட்டுள்ள அதிகாரிகளின் நினைவாகவும், அவ்வாறு எழுத இயலாத அளவுக்கு மிகப் பலரான கீழ்நிலைப் படையினரின் நினைவாகவும், சிந்துவிலும் ஆப்கானிஸ்தானிலும் நோயாலோ வாளாலோ கடமை மறவாது வீழ்ந்தவர்களுக்காக இது கட்டப்பட்டது.

எழுத இயலாத அளவுக்கு மிகப் பலர்! அந்த இடத்தில் நெடுநேரம் நின்றேன். ஒரு வகையில் நேர்மையான சொற்றொடர் அது. பெயர் விட்டுப்போனதை மறைக்காமல் அதே கல்லில் ஒப்புக்கொள்கிறது. நோயை வாளுக்கு முன் வைத்ததும் உண்மையே. அந்தக் காலப் போர்களில் நோய் கொன்றவரே மிகுதி. ஆனால், அந்த 'மிகப் பலர்' என்பதற்குள்ளும் படையினர் மட்டுமே அடங்குவர். புல் அறுத்தவர், ஒட்டகம் ஓட்டியவர், தண்ணீர்த் தோற்பையைச் சுமந்தவர், அவர்தம் பிள்ளைகள் என அந்த 12,000 பேருக்கு அந்தத் தொடரிலும் இடமில்லை. மூவரில் இருவருக்கு மேல் அவர்களே என்பதை முன்பு எழுதிய கணக்கிலிருந்து நீங்களே காணலாம்.

சுவர் போதாது என்பது உண்மையான காரணமா? பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் 1927இல் திறக்கப்பட்ட மெனின் வாயிலில், முதல் உலகப்போரில் கல்லறை அறியப்படாத 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அதிகாரி, சிப்பாய் என்ற வேறுபாடின்றி அனைவரையும் ஒன்றுபோல் நினைவுகூர வேண்டும் என்று, 1917இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையம் கொள்கை வகுத்துக்கொண்டது. ஆகவே மனமிருந்தால் சுவரும் இருக்கும். எனினும் அந்தக் கொள்கை எல்லா நிறத்தாருக்கும் எட்டவில்லை. ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் இறந்த, பெரும்பாலும் ஆப்பிரிக்கரான படையினரும் சுமைதூக்குவோருமாகக் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அதே ஆணையம் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. கொலாபாச் சுவரில் பார்த்தது கொலாபாவோடு முடிந்த கதையன்று என்பதை அந்த அறிக்கையைப் படித்தபோது உணர்ந்தேன்.

இதை எழுதும்போது என் பாட்டியின் தம்பியை நினைக்காமல் இருக்க இயலவில்லை. சயாம் மரண இரயில்பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துச் சென்றபோது போனவர், திரும்பவில்லை. காஞ்சனாபுரியில் நேசநாட்டுப் போர்வீரர் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கல்லறை உண்டு. பெரும்பாலானவற்றில் பெயரும் உண்டு. புல்தரையைச் சீராக வெட்டி, பூச்செடி வைத்துப் பேணுகிறார்கள். அது முறையே, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், அதே பாதையில் மடிந்த பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளருக்கு அப்படிப்பட்ட கற்கள் இல்லை. பாட்டி தீபாவளிக்கு முன் வீட்டுப் படையலில் தம்பிக்கென்று ஒரு வேட்டி வைப்பார். எங்கள் குடும்பத்தில் அவருக்கென இருந்த நினைவுச்சின்னம் அந்த வேட்டிதான்.

ஊர் திரும்பிய பின், ஆறாம் ஆண்டு மாணாக்கர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லாத கதைதான். ஆண்டுத் தொடக்கத்தில் புத்தகம் வந்து சேராத ஒரு நாளில் சொன்னேன். பிள்ளைகள் ஒட்டகச் சுருட்டுக்குச் சிரித்தார்கள், பனிக்கு அமைதியானார்கள். கணக்கில் கெட்டிக்காரியான ஒரு மாணவி மட்டும் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, ஒரு பெயரை வாசிக்க நான்கு வினாடி என்று வைத்துக்கொண்டால், 16,500 பேரையும் வாசிக்கப் பதினெட்டு மணி நேரம் இருபது நிமிடம் ஆகும்."

"சரிதான் அம்மா. ஒரு நாள்கூட ஆகாது."

"அப்படியென்றால் மிகப் பலர் இல்லையே, ஐயா?"

வகுப்பு என்னையே பார்த்தது. கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, வேலைக்கு எடுத்தால் சம்பளம் கொடுக்கப் பெயர் எழுதியிருப்பார்களே? தோட்டத்தில் எங்கள் தாத்தாவுக்குச் செக்ரோல் இருந்ததாம். அதைப் பார்த்து எழுதலாமே?"

நல்ல கேள்வி. அரசாங்கம் நேரடியாக அமர்த்திய பணியாட்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர் என்றேன். ஆனால் பலர், அதிகாரிகளும் சிப்பாய்களும் தம் சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட ஆட்கள். அவர்களின் பெயரும் ஊரும் அவர்களை அமர்த்தியவருக்குத் தெரியும். அவரும் அந்தக் கணவாயில்தான் இறந்துபோனார்.